ஜொகூர்ப் பள்ளியில் நான் எழுதிய இரு கண்கள்

சொல்லெடுக்கும் முன்னரே சொல்லாகி நின்று, சொல்லி முடித்த பின்னும் சொல்லப்படாததாய் எஞ்சியிருக்கும் அம்மையே, அடியேன் நாவில் அமர்க. உன்னைப் புகழ்ந்தே பழகிய நாவுக்குத் தன் பிழையைச் சொல்லும் துணிவையும் தருக.

இன்று ஆனித் திங்கள், வளர்பிறைச் சஷ்டி, உத்திரம், வியாழக்கிழமை. நல்ல நாள் பார்த்தே எழுதத் தொடங்குகிறேன். எழுதப்போவது நல்ல செய்தி அன்று.

வைகாசியில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக்குச் சென்று பத்து நாள் தங்கினேன். கூலாய் வட்டாரத்தில் ஓர் அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு. யாகசாலை நாள்களில் பதிகம் பாட வேண்டும் என்று கோயில் குழுவினர் அழைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில்களில் செய்து வரும் பணிதான். கடல் கடந்து செய்வது இதுவே முதல் முறை. கோயிலின் பெயரையும், அதை ஒட்டிய தமிழ்ப்பள்ளியின் பெயரையும் எழுதப்போவதில்லை. குற்றம் என்னுடையது. ஊர்ப்பெயர் அதில் ஒட்ட வேண்டாம்.

செனாய் விமான நிலையத்தில் என்னை எதிர்கொண்டவர் கோயில் குழுச் செயலாளர் சுப்பையா. ஐம்பதைத் தாண்டியவர். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பேருந்தின் ஓட்டுநர். அந்தப் பேருந்திலேயே வந்திருந்தார். நாற்பது இருக்கைகளுக்கு நான் ஒருவன்.

"ஐயா எங்க வேணும்னாலும் உக்காருங்க. இன்னிக்கி பஸ்ஸே உங்களுதுதான் லா" என்றார்.

நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் இருபுறமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. எங்கள் பக்கத்து வயல்வெளியில் கண்ணுக்கு ஓய்வு தர ஒரு வரப்பேனும் இருக்கும். இங்கே மரமும் மரத்தின் நிழலும் தவிர வேறொன்றும் இல்லை. முன்னால் ஒரு லாரி செம்பனைக் குலைகளைக் கூம்பாக அடுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு திருப்பத்தில் குலையொன்று சரிந்து விழுந்து, உருண்டு, எங்கள் பேருந்தின் அடியில் புகுந்தது.

"அலமாக்!" என்று பதறிச் சுப்பையா பேருந்தை நிறுத்தினார். முள் நிறைந்த அந்தக் குலை முன்சக்கரத்துக்குப் பின்னே எதிலோ சிக்கிக்கொண்டது. இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தவர் எழுந்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று. படுத்தபடியே கோயிலின் கதையைச் சொன்னார். சக்கரத்தோடு பேசுகிறாரா என்னோடு பேசுகிறாரா என்று சில இடங்களில் எனக்கு விளங்கவில்லை.

"நாங்க பொறந்த தோட்டம் இப்ப இல்லீங்க ஐயா. வித்துட்டாங்க, வீடு கட்றாங்க. கோயிலுக்கு மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கத்துல ஒரு துண்டு நெலம் குடுத்தாங்க. பழைய அம்மா வெறும் கல்லுதான். இப்ப ஊர்ல சொல்லி புதுசா செலை செஞ்சி கொண்டாந்துட்டோம். கப்பல்ல வந்திச்சி. யாகம் தொடங்கற வரைக்கும் தண்ணித் தொட்டியில இருக்காங்க, இப்ப பாக்க முடியாது."

ஊர் என்று அவர் சொன்னது தமிழ்நாட்டை. அவர் அங்கே ஒருமுறைகூடப் போனதில்லை.

மறுநாள் காலையில் பசியாறப் பக்கத்துக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். கடைக்கார அம்மாளிடம் "எனக்குச் சைவம்தான் வேண்டும் தாயே" என்றேன்.

"சுத்த சைவந்தாங்க ஐயா, கவலப்படாதீங்க."

தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, வெள்ளரித் துண்டு, வறுத்த கடலை, ஓரத்தில் சிவந்த மிளகாய்ச் சம்பல். சோற்றின் மேல் சிறிய கருவாடுகள் வாலும் தலையுமாகக் கிடந்தன.

"இது என்னம்மா?"

"அது நெத்திலிங்க. சும்மா மேல தூவறது. ஒதுக்கிட்டு சாப்டுங்க."

சுப்பையா தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, அவரு பதிகம் பாட வந்தவரு. நெத்திலியோட பாடச் சொல்றியா?"

"எங்க வீட்டுக்குப் பூசைக்கு வர்ற ஐயரும் ஒதுக்கிட்டுத்தான் சாப்டுவாரு" என்றாள் அந்த அம்மாள். இரண்டு வாழைப்பழமும் ஒரு குவளைத் தேநீரும் எனக்குப் போதுமாயிருந்தன. அன்று சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அதுவே கடைசி.

அன்று செவ்வாய்க்கிழமை. கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். தலைமையாசிரியர் வேலியோரம் வந்து நின்று கைகூப்பினார். கழுத்துப்பட்டி கட்டிய, ஓயாமல் வியர்த்துக்கொண்டிருந்த மனிதர். நல்லவர் என்றே இன்றும் நினைக்கிறேன்.

"ஐயா மாதிரி பெரியவங்க காலு எங்க பள்ளியில படணும். பிள்ளைங்க வட்டார ஓவியப் போட்டிக்குத் தயாராகிட்டு இருக்காங்க, வந்து ஆசீர்வாதம் பண்ணணும்."

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நுழைந்தேன். வெண்பலகையில் வண்ணப்படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மலாய், சீன, தமிழ்ச் சிறுவர் மூவர் கைகோத்து நிற்க, பின்னால் தலைநகரின் இரட்டைக் கோபுரம், அதற்கு மேலே வானவில். ஒவ்வொரு குழந்தையும் அதே மூவரை, அதே கோபுரத்தை, அதே வானவில்லை வரைந்துகொண்டிருந்தது. ஒரு சிறுமியின் தாளைக் குனிந்து பார்த்தேன். அளவுகோல் வைத்தாற்போல் இருந்தது.

"நன்றாக வருகிறதே" என்றேன்.

"பதினஞ்சாவது தடவ தாத்தா. கண்ண மூடிட்டும் வரைவேன்."

"போட்டியின் தலைப்பு என்னம்மா?"

"எங்கள் ஊரில் நான் கண்டது."

"இந்தக் கோபுரத்தை நீ கண்டிருக்கிறாயா?"

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "இல்ல தாத்தா. அது கே.எல்.லதான இருக்கு."

வெளியே வந்ததும் தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. தாளில் வெள்ளை தெரியக் கூடாது, தெரிந்தால் சோம்பேறித்தனம் என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். ஓரங்களைக் கறுப்பு மையால் தடிப்பாக்க வேண்டும். ஆனால் கறுப்பு மிகுந்தால் பிள்ளைக்கு மனக்கஷ்டம் போலிருக்கிறது என்று பெற்றோர் பதறி வருவார்கள். அப்படி ஒரு தாய் சனி பிடித்துவிட்டதென்று கோயிலுக்கே ஓடினாளாம். கடைசியில் ஆசிரியர்கள் ஒரு சுற்று வந்து குறைகளைச் சரிசெய்வார்கள்.

"டச்சப்னு சொல்லுவோம் ஐயா. எல்லாப் பள்ளியிலயும் பண்றதுதான். நாம பண்ணலன்னா நம்ம பிள்ளைங்கதான் பின்தங்கிப் போவாங்க."

எனக்குக் கசந்தது. எங்கள் நாட்டிலும் இதுதான் நடக்கிறது என்பதால் இரட்டிப்பாகக் கசந்தது. என் பேரன் பள்ளிக்கு எடுத்துச் சென்ற களிமண் யானையை என் மகன்தான் செய்தான்; பேரன் அதைத் தொட்டால் உடைந்துவிடும் என்று தொடக்கூட விடவில்லை. அந்த யானைக்கு முதற்பரிசு கிடைத்தது.

கையும் கண்ணும் படியும்வரை திருப்பித் திருப்பிச் செய்வதுதான் கலை, சொந்தமாக யோசிப்பதெல்லாம் பிறகு என்ற நம்பிக்கை நம்மவரிடம் ஊறிக்கிடக்கிறது. நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஓதுகிறவன் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்பது நாங்கள் கற்ற ஒழுக்கம். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதிகங்களை முதன்முதலில் பாடியவர்கள் எவரைத் திருப்பிச் சொன்னார்கள் என்று ஐம்பது ஆண்டுகளில் ஒருநாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

நான்காம் ஆண்டு ஆசிரியை ஸ்டெல்லாவை அன்று மதியம் ஆசிரியர் அறையில் சந்தித்தேன். தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். கழுத்தில் சிறு சிலுவை. அவர் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் பலகையில் எந்த மாதிரிப் படமும் ஒட்டப்படாது. பிள்ளைகள் தாம் கண்டதை வரையலாம். இரண்டு ஆண்டு கெஞ்சி அந்த நேரத்தை வாங்கியிருந்தார்.

"இந்த வருசம் கடைசி வாய்ப்பு ஐயா. என் வகுப்புப் படம் ஒண்ணாவது வட்டாரத்துல தேர்வாகணும். ஆகலன்னா அந்த ஒரு மணி நேரத்த எடுத்துட்டு மாதிரிப் படப் பயிற்சிக்குக் குடுத்துருவாங்க. தலைமையாசிரியர் சொல்லிட்டாரு. அவரு மேல தப்பு இல்ல, அவருக்கும் மேல கேக்கறாங்க."

"தேர்வாகுமா?"

"ஒரு பிள்ள இருக்கா. கவினயான்னு பேரு. பேச மாட்டா. பாத்துட்டே இருப்பா. அப்புறம் ஒருநாள் வரைவா."

புதன்கிழமை படங்களை அனுப்பும் நாள். பள்ளிக்கு இரண்டு படம் அனுமதி. ஒன்று இரட்டைக் கோபுரம் என்று முன்பே முடிவாகியிருந்தது. மற்றொன்றை ஸ்டெல்லா கொண்டுவந்து மேசையில் விரித்தபோது தலைமையாசிரியரின் அறையில் நானும் அமர்ந்திருந்தேன்.

அந்தப் படத்தை இயன்றவரை சரியாகச் சொல்கிறேன்; இப்போது எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு கடமைதான். தாளின் அகலம் முழுதும் நீல லாரி. சக்கரங்கள் செம்மண்ணில் பாதி புதைந்திருந்தன. லாரியின் மேல், கயிறுகளுக்கு நடுவே, சூலம் ஏந்திய அம்மன் வீற்றிருந்தாள்; லாரியைவிடப் பெரியவளாக இருந்தாள். பின்னே செம்பனை மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து எட்டிப் பார்த்தன. கீழே ஒரு வேலி. வேலிக்குமேல் வரிசையாகச் சிறு சிறு தலைகள். எதுவும் அளவாக இல்லை. ஆனாலும் அந்த லாரி நகர்ந்துகொண்டிருந்தது.

அம்மனின் முகம் மட்டும் வெறும் தாள். வெள்ளை. ஓரங்களில் ஏதோ சுருக்கம் போன்ற கோடுகள். காதருகே பூவைப் போல ஒரு சிறு முடிச்சு.

தலைமையாசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு ஸ்டெல்லா டீச்சர். ஆனா மூஞ்சிய வெள்ளையா வுட்டுட்டாளே. முழுமைக்குன்னு தனி மார்க்கு இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா என்ன சொல்றீங்க? சாமி படம். உங்களுக்குத் தெரியாததா?"

குழந்தைகளுக்கு முகம் வரைவது கடினம். அதனால் தயங்கி விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் போதும். "கண்ணில்லாத தெய்வ வடிவத்தை நாலு பேர் முன் வைப்பது குறை. அம்பிகையின் கருணை கண்ணில்தான் இருக்கிறது" என்றேன். கேட்காததையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் மேடையில் பழகியவருக்கு உண்டு.

"ஐயா, பிள்ளையக் கூப்ட்டு ஒரு வார்த்த…" என்று ஸ்டெல்லா தொடங்கினார்.

"பெரியவங்க பேசறாங்கல்ல டீச்சர்" என்று தலைமையாசிரியர் தடுத்தார். இழுப்பறையிலிருந்து பொன்னிறமும் கறுப்புமாக இரண்டு மைக்கோல்களை எடுத்து என்முன் நீட்டினார். "ஐயா உங்க கையாலயே கண்ணு வச்சிருங்க. எங்க பள்ளிக்கு அது ஆசீர்வாதம்."

கவினயா அப்போது இரண்டு அறை தள்ளி, தன் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அழைத்தால் கேட்கும் தூரம்.

நான் மைக்கோலை வாங்கினேன். தாயின் கண்ணழகைப் பாடும் ஒரு பதிகத்தைத் தொடங்கி, பாடியபடியே இரண்டு கண்களை எழுதினேன். பொன்னால் விளிம்பு, கறுப்பால் பாவை. என் கை நடுங்கவில்லை. அது நடுங்கவில்லை என்று பெருமையும் கொண்டேன். ஆசிரியர்கள் கதவருகே கூடி, கைபேசியில் படம் பிடித்தார்கள். யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முகத்தின் மீதி வெள்ளையைத் தலைமையாசிரியர் மஞ்சள் வண்ணக்கட்டியால் தேய்த்து நிரப்பினார். ஸ்டெல்லா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். படம் உறைக்குள் போயிற்று. உறை வட்டார அலுவலகத்துக்குப் போயிற்று.

வியாழக்கிழமை மாலை யாகசாலையில் அமர்ந்திருந்தேன். தொட்டியிலிருந்து அம்மனை எழுந்தருளச் செய்தார்கள். எட்டுப் பேர் கம்பும் கயிறுமாகத் தூக்கினார்கள். தண்ணீர் வடிய வடிய மேலே வந்த அந்தக் கற்சிலையின் முகத்தில் வெள்ளை வேட்டி சுற்றப்பட்டு, சுருக்கம் சுருக்கமாக ஒட்டிக்கொண்டு, காதோரம் முடிச்சிடப்பட்டிருந்தது.

சிற்பி இன்னும் கண் திறக்கவில்லை. திறக்கும்வரை முகத்தை மூடிவைப்பது முறை. இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனையோ கோயில்களில், எத்தனையோ முறை, அந்தத் துணி அவிழும் வேளைக்காகக் காத்திருந்து பாடியவன் நான்.

"சுப்பையா, துறைமுகத்திலிருந்து இந்தச் சிலை எப்படி வந்தது?"

"லாரியிலதான் ஐயா. நம்ம மாரிமுத்துவோட நீல லாரி. மழ பேஞ்சி சக்கரம் பொதஞ்சி, வேலியோரமே மூணு மணி நேரம் நின்னுச்சி. பள்ளிப் பிள்ளைங்க எல்லாம் வந்து பாத்துச்சுங்க. மூஞ்சியில வேட்டியோட அம்மா உக்காந்திருந்தத நீங்க பாத்திருக்கணுமே, அடடா!"

அதை ஒருத்தி பார்த்திருந்தாள். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருந்தாள். தலைப்பு கேட்டதும் அதைத்தான்.

 

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்குப் போனேன். ஸ்டெல்லா நடைக்கூடத்தில் நின்றிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு முன்பே தெரியுமா அம்மா?"

"தெரியும் ஐயா. அவ வரையும்போதே தெரியும். எங்க கோயில்ல தவக்காலத்துல மாதா சுரூபத்துக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடுவாங்க. சின்ன வயசுல அதப் பாத்து பயந்திருக்கேன். மூடுனாத்தான் உள்ள யாரோ இருக்காங்கன்னு தோணும். அதனால இந்தப் படத்தப் பாத்ததும் புரிஞ்சிடிச்சி."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க பாட ஆரம்பிச்சிட்டீங்க." கழுத்துச் சிலுவையைத் தொட்டுக் காட்டினார்: "அதோட நான் வேதக்காரப் பொண்ணு ஐயா. உங்க சாமி கண்ணப் பத்தி உங்ககிட்ட நான் எப்படிப் பேசறது?"

உறையைத் திரும்பப் பெற வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். அவர் உண்மையிலேயே திகைத்தார்.

"எதுக்கு ஐயா? இப்பதான் படம் முழுசா இருக்கு. திருப்பிக் கேட்டா, ஆசிரியருங்க கை வச்சோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எல்லாரும் பண்றது, நாம மட்டும் மாட்டிக்குவோம்."

"வட்டாரத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதுகிறேன். கண்ணை எழுதியது நான் என்று."

இதற்கு மறுப்புச் சொன்னவர் அவர் அல்லர், ஸ்டெல்லா. என்னைத் தனியே அழைத்துச் சென்று, கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "வேணாம் ஐயா. கடிதம் போனா படத்தத் தள்ளிருவாங்க. வேற படம் அனுப்ப முடியாது. என் வெள்ளிக்கிழமை போயிரும். இன்னும் இருவத்தாறு பிள்ளைங்க இருக்காங்க. கவினயாகிட்ட நான் பேசிக்கறேன்."

"பேசினீர்களா?"

"இன்னும் இல்ல."

நான் கடிதம் எழுதவில்லை. அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டேன். என் பெயரைக் காத்ததும் அதோடு சேர்ந்தே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரைக்குப் பின்னே சிற்பி பொன்னூசியால் கண் திறந்தார். எதிரே ஒருவரும் நிற்கவில்லை. கண்ணாடி காட்டினார்கள், கன்றோடு பசுவைக் காட்டினார்கள், கன்னிப்பெண்களை முன்னே நிறுத்தினார்கள். கோபுரக் கலசத்தில் நீர் விழுந்தபோது கூட்டம் ஒரே குரலாக எழுந்தது. சாஆ, பண்டார் தெங்காரா என்ற ஊர்களிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்திருந்தார்கள். சுப்பையா குழந்தையைப் போல அழுதார். இத்தனைக்கும் நடுவே என் பதிகம் போய்க்கொண்டிருந்தது. சொற்கள் பிசகவில்லை. பிசகாமல் பாடுவது எத்தனை எளிது என்று அன்றுதான் அறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. கவினயாவின் படம் தேர்வாகியிருந்தது. இரட்டைக் கோபுரம் தேர்வாகவில்லை. அதே கோபுரத்தை இன்னும் பல பள்ளிகள் அனுப்பியிருந்தனவாம். நடுவர்கள் நம் படத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியர் அதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். அம்மனின் உயிருள்ள கண்கள் படத்துக்கு முழுமை சேர்க்கின்றன என்பது அந்த வரியின் சாரம்.

புதன்கிழமை காலை பள்ளிச் சபை கூடிற்று. நான் ஊர் திரும்புவதற்கு முந்திய நாள். பரிசை என் கையால் தர வேண்டும் என்று மேடையில் அமர்த்தினார்கள். நாற்பத்தெட்டு வண்ணக்கட்டிகள் அடங்கிய பெட்டி, ஒரு சான்றிதழ். பின்திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக ஒளிபரப்பியிருந்தார்கள். லாரியும் மரங்களும் சிறு தலைகளும் எங்கோ பின்னுக்குப் போய், நான் எழுதிய இரண்டு கண்கள் மட்டும் முறைத்துக்கொண்டிருந்தன. அவை அந்தப் படத்தைச் சேர்ந்தவை அல்ல என்பது பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

பெயர் அழைக்கப்பட்டதும் கவினயா வந்தாள். இரட்டைச் சடையிட்ட ஒல்லியான பெண். படியேறி என்முன் நின்றாள். பெட்டியை நீட்டினேன். அவள் கை நீளவில்லை.

"வாங்கிக்க மா" என்றார் தலைமையாசிரியர்.

"அது என் படம் இல்ல சார்."

"உன் படந்தான் மா. பேரப் பாரு, கீழ போட்டிருக்கு."

"லாரி என்னுது. கண்ணு நான் வரையல." என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, தவறான வீட்டுக்கு வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுப்பவரின் பொறுமைதான் இருந்தது. "நான் பாத்தப்ப அம்மா இன்னும் கண்ணு தொறக்கல தாத்தா. அன்னிக்கித் தொறக்கல. யாரு தொறந்தாங்களோ அவங்களுக்குக் குடுங்க."

ஒலிவாங்கி என் அருகே இருந்தது. எடுத்தேன். இதையாவது செய்துவிட வேண்டும் என்று எடுத்தேன்.

"இந்தக் குழந்தை சொல்வது மெய். அவள் அம்மனின் முகத்தைத் துணியால் மூடித்தான் வரைந்திருந்தாள். சிலை வந்த அன்று கண்டது அது. அதை அறியாமல், அவளைக் கேட்காமல், அந்தக் கண்களை நான் எழுதினேன். குற்றம் என்னுடையது."

உடனே கைதட்டல். பெற்றோர் வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து கும்பிட்டாள். "குடமுழுக்குக்கு முன்னாலயே அம்மா ஐயா கையால கண்ணு தொறந்துட்டா!" என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். "பெரியவருக்கு என்ன தன்னடக்கம் பாருங்க" என்று தலைமையாசிரியர் கண் கலங்கினார். நான் கையமர்த்த, கைதட்டல் வளர்ந்தது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் தட்டினார்கள். அங்கிருந்த அத்தனை பேரில் நான் சொன்னதை விளங்கிக்கொண்டவர்கள் இருவர். ஒருவர் சுவரோரம் தலை குனிந்து நின்ற ஸ்டெல்லா. மற்றவள் படியிறங்கித் தன் வரிசையில் போய் அமர்ந்துகொண்டாள்.

அந்தப் படத்தைச் சட்டமிட்டுத் தலைமையாசிரியர் தம் அறையில் மாட்டப்போகிறார் என்று சுப்பையா விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மகிழ்ச்சியோடு சொன்னார். ஸ்டெல்லாவின் வெள்ளிக்கிழமைக்கு இனி ஆபத்தில்லை. வேண்டுமானால் ஐந்தாம் ஆண்டுக்கும் அந்த நேரத்தைத் தரலாம், பிள்ளைகள் சொந்தமாக வரையட்டும், கடைசியில் நாம் ஒரு கை பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியர் பெருந்தன்மையோடு கூறியிருக்கிறார்.

ஊர் வந்து பத்து நாள் கழித்து ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு குரற்செய்தி வந்தது. பலமுறை கேட்டுவிட்டேன்.

"ஐயா, நல்லா இருக்கீங்களா? வெள்ளிக்கிழமை வகுப்பு நல்லா நடக்குது. பிள்ளைங்க சந்தோசமா வரையறாங்க. கவினயா மட்டும் அந்த நேரத்துல நூலகத்துக்குப் போறேன்னு கேட்டா. ஏன்னு நான் கேக்கல. அனுப்பிட்டேன்."

இதைப் படிக்கும் அனைவரும் நலமுடன் வாழ்க. உங்கள் இல்லத்தில் விளக்கும் சோறும் குறையாதிருக்க. உங்கள் பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி உங்கள்முன் விரிக்கும் நாளில், அதில் வெள்ளையாக எதுவும் விட்டிருந்தால், கையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே கேட்கும் அறிவை அம்மை உங்களுக்கு அருள்க. எனக்கு அதை அருளாதவள் உங்களுக்கேனும் அருள்க.